வாடகையை ஏற்றப் போகிற வீட்டுக்காரர்களுக்கு: கும்பகோணத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது

கும்பகோணத்தில் அம்மா பெயரில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அப்பா போனபிறகு அம்மாவைத் தஞ்சாவூருக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். 2023 ஜூனில் அந்த வீட்டை ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு 7,500 ரூபாய் வாடகைக்கு விட்டோம். 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், போனை எடுத்து, "சார், அடுத்த மாசத்துலேந்து ஒம்பதாயிரத்து ஐநூறாப் போட்டுடுங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்ரிமென்ட்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே சார்" என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பதில் தேடி நான்கு மாதம் அலைந்தேன். வாடகைச் சட்டமெல்லாம் குடியிருப்பவர் படிக்க வேண்டிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு வீடு, இரண்டு வீடு வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குடித்தனக்காரர்கள் படித்தாலும் நல்லதே.

இன்றைக்கு நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் இந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. டீக்கடையில் யாராவது பழைய 1960 சட்டத்தை வைத்துக்கொண்டு யோசனை சொன்னால், காபியை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

1. முதலில், வீடு யாருடையது, மனை யாருடையது?

டெல்டாவில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எங்கே போனாலும் பாதித் தெரு கோயில் மனையாகவோ மடத்து மனையாகவோ இருக்கும். அறநிலையத்துறைக் கோயிலுக்குச் சொந்தமான கடைக்கும் வீட்டுக்கும் வாடகை வேறு வழியில் முடிவாகிறது. துறை அதிகாரிகள் அடங்கிய குழு சந்தை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தும். அரசுக் கட்டடம், வக்பு சொத்து, நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் குவார்ட்டர்ஸ் இவையும் 2017 சட்டத்துக்கு வெளியே.

மனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் உங்களுடையது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதை நீங்கள் வேறொருவருக்கு வாடகைக்கு விடலாமா என்பது உங்கள் மனைக் குத்தகைச் சீட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் வாடகை ஏற்றம் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். குடித்தனக்காரர் கோபத்தில் கோயில் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் உங்கள் மனைக்கே சிக்கல் வந்துவிடும்.

அடுத்தது பெயர். எங்கள் வீடு அம்மா பெயரில்தான் இருக்கிறது. போனில் பேசியது நான். "நீங்க யாரு சார் ஏத்துறதுக்கு?" என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை; நல்ல மனுஷன், கேட்கவில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்திலும் நோட்டீஸிலும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலேயே வீடு இருந்தால் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் கையெழுத்துக்கே இரண்டு மாதம் ஆகலாம்.

2. ஒப்பந்தத்தைப் பீரோவிலிருந்து எடுங்கள்

வாடகை எவ்வளவு ஏறும் என்பது ஒப்பந்தம் எழுதிய அன்றே முடிவாகிவிடுகிறது. நமக்கு அது உறைப்பது ஏற்ற நினைக்கும்போதுதான். மூன்று நிலைமைகள் இருக்கலாம்.

ஒப்பந்தக் காலம் இன்னும் முடியவில்லை, ஏற்றம் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் ஏற்ற முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு விட்ட வீட்டில், எவ்வளவு ஏறும் அல்லது எந்தக் கணக்கில் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் மட்டும்தான் நடுவில் ஏற்றலாம். கால முடிவு வரை காத்திருங்கள்.

காலம் முடியவில்லை, ஆனால் கணக்கு எழுதியிருக்கிறது என்றால் அந்தக் கணக்குப்படி மட்டும் ஏற்றலாம். 5 சதவீதம் என்று எழுதிவிட்டு, பக்கத்து வீட்டில் அதிகம் வாங்குகிறார்கள் என்று 15 கேட்க முடியாது.

காலம் முடிந்துபோய், புதுப்பிக்காமல் குடித்தனம் தொடர்கிறது என்றால்? எங்கள் கதை இதுதான். பழைய நிபந்தனைகளிலேயே மாதா மாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். எங்கள் 11 மாத ஒப்பந்தம் 2024 ஏப்ரல் 30ஆம் தேதியே முடிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஆறு மாதமும் அக்டோபரில் தீர்ந்தது. நான் ஜனவரியில் போன் செய்தபோது என் கையில் இருந்தது ஒரு பழைய முத்திரைத்தாள் மட்டும்தான். அதன் மூன்றாவது ஷரத்து: "வாடகையை இரு தரப்பினரும் காலத்துக்கு ஏற்பப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது." பத்திர எழுத்தர் எல்லோருக்கும் அடிக்கிற வரி. பார்க்க அழகாக இருக்கும். எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்கள் வாடகை ஏற்றம் என்று ஆரம்பிக்காமல், புது ஒப்பந்தம் போடலாம் என்று ஆரம்பியுங்கள். புது வாடகையை அதிலேயே பேசி எழுதிவிடலாம்.

3. பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்

"பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிய வேண்டாம்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பேச்சு. 2017 சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. அதற்கு 11 மாதம், 12 மாதம் என்ற பேதம் இல்லை. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் கொண்டுபோய் நீட்ட முடியாது என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

விவரம் கேட்க நான் வாடகை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனபோது எதிர்ப்பட்ட முதல் கேள்வியே, "டி.ஆர். நம்பர் என்ன?" என்பதுதான். வாடகைப் பதிவு எண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டி.ஆர். என்றால் என்னவென்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

பதிவுக்கு அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரும் செய்யலாம், குடித்தனக்காரரும் செய்யலாம். கையில் இருக்க வேண்டியவை: இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன், இருவரின் ஆதார், பான் எண்கள், போட்டோ, செல்போன் எண், வீட்டின் முகவரி விவரம். நடப்பு ஆண்டுச் சொத்துவரி ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் பழசா புதுசா என்ற குழப்பம் அதைப் பார்த்தால்தான் தீரும். எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்கு இரண்டு எண். ஒப்பந்தத்தில் பழைய எண், ரசீதில் புது எண். ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். உங்கள் பகுதிக்கு யார் என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதினால் சார்பதிவாளர் பதிவும் சேர்ந்துகொள்ளும். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (உச்சம் 20,000 ரூபாய்). 8,500 ரூபாய் வாடகையில் மூன்று வருடம் என்றால் மொத்தம் 3,06,000. ஆக முத்திரைக்கும் பதிவுக்கும் தலா 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மூன்று வருடம் நிம்மதியாக இருக்க இது பெரிய தொகை இல்லை என்பது என் கட்சி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் மறுபடியும் 11 மாதம்தான்.

11 மாதத்தில் ஒரு நம்மூர்ச் சங்கடம் உண்டு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பிப்ரவரி 1ஆம் தேதி ஒப்பந்தம் போட்டால், அது டிசம்பர் 31ஆம் தேதி, நட்ட நடு மார்கழியில் முடியும். மார்கழியில் யார் வீடு மாற்றுவார்கள்? ஆடியிலும் இதே கதைதான். பேச்சு முறிந்தாலும் அவரால் காலி செய்ய முடியாது, உங்களுக்கும் புது ஆள் கிடைக்காது. ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று வைத்தால் முடிவு சித்திரையில் விழும். பள்ளிக்கூட லீவும் ஒத்துவரும்.

4. எவ்வளவு ஏற்றலாம்?

"வருஷத்துக்குப் பத்து சதவீதம் சட்டத்திலேயே இருக்கு" என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். அப்படி ஒரு எண் அந்தச் சட்டத்தில் இல்லை. இரு தரப்பும் எழுதிக்கொண்டதுதான் வாடகை, எழுதிக்கொண்டதுதான் ஏற்றம். அதனால்தான் எழுதுகிற வரியில் கஞ்சத்தனம் கூடாது. நாங்கள் புது ஒப்பந்தத்தில் எழுதியது இது:

"மாத வாடகை ரூ.8,500. இந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய மாத வாடகையின் மீது 5 சதவீதம் உயர்த்தி, அருகிலுள்ள பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி, புதிய வாடகையாகக் கொள்ள வேண்டியது."

"முந்தைய மாத வாடகையின் மீது" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தால், 8,500க்கு முதல் ஏற்றத்தில் 8,925. இரண்டாவது ஏற்றத்தை 8,925 மேல் போட்டால் 9,371. ஆரம்ப வாடகை மேல் போட்டால் 9,350. இருபத்தோரு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் இருபத்தோரு ரூபாய்க்குச் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும்.

5. மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ்

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, புது வாடகை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது வாய்வார்த்தையாக இரண்டு வார அவகாசம்.

ஜூன் 1 முதல் ஏற்ற வேண்டுமென்றால் பிப்ரவரி முடிவதற்குள் நோட்டீஸ் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். மாசி மகத்துக்குள் தபால் சேர வேண்டும் என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 2025இல் மகம் மார்ச் 12ஆம் தேதி வந்தது. அந்தக் கணக்கை நம்பியிருந்தால் தவறியிருக்கும். இங்கிலீஷ் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸுக்கு வக்கீல் அவசியமில்லை. ஒரு பக்கம் போதும்: வீட்டின் முகவரி, ஒப்பந்தத் தேதி, பதிவு எண், இப்போதைய வாடகை, புது வாடகை, எந்த ஷரத்தின்படி ஏற்றுகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து. உரிமையாளர் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து, நேரில் கொடுத்து ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினால் செலவே இல்லை. நேரில் கொடுக்கச் சங்கடமாக இருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாட்ஸப்பில் ஒரு படமும் அனுப்பி வைக்கலாம். ஆனால் வாட்ஸப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

நோட்டீஸ் கிடைத்தபின் குடித்தனக்காரர், காலி செய்கிறேன் என்று பதில் நோட்டீஸ் தராவிட்டால், புது வாடகைக்கு ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். குடியிருப்பவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். பேசாமல் இருந்தால் தானாகத் தள்ளிப்போகும் என்று இருந்துவிடக் கூடாது.

6. "வீட்டுக்குச் செலவு பண்ணேனே" என்ற வாதம்

என் பெரிய நம்பிக்கையே இதுதான். 2024 ஐப்பசி மழையில் ரேழிப் பக்கச் சுவரில் தண்ணீர் இறங்கி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார்கள். ஒயரிங் முழுக்க மாற்றி, பைப் மாற்றி, சுண்ணாம்பும் அடித்தேன். கிட்டத்தட்ட அறுபதாயிரம் ரூபாய் ஆயிற்று. ஏற்றத்துக்கு இதைவிட நியாயம் வேண்டுமா?

நேரில் பேசப் போனபோது அவர் செல்போனில் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டினார். கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தேவைப்படும்போது பைப் மாற்றுவது, ஒயரிங் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. என் அறுபதாயிரமும் முதல் பட்டியலுக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொண்டது. "சுவிட்ச் மாத்துன எரநூத்தம்பது ரூவாய நானே தந்துடுறேன் சார்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பழுதுபார்ப்பு வேறு, மேம்பாடு வேறு. புதிதாக ஓர் அறை கட்டுவது, கொல்லையில் இருந்த கழிவறையை உள்ளே கொண்டுவருவது போன்றவற்றுக்கு வாடகை ஏற்றலாம். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே அவர் சம்மதமும் ஏற்றத் தொகையும் பேசி முடிந்திருக்க வேண்டும். ஏற்றம் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கும். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

7. கோபத்தில் செய்யக் கூடாதவை

பிப்ரவரி வாடகையாக 7,500 வங்கிக் கணக்கில் வந்தது. வீம்பில் திருப்பி அனுப்பினேன். மார்ச்சிலும் அப்படியே. பெரிய காரியம் செய்ததாக நினைப்பு. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வங்கியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு, வாடகையை வாடகை அதிகாரியிடமே கட்டிவிடக் குடித்தனக்காரருக்கு வழி இருக்கிறது. "பாக்கி வைத்திருக்கிறார்" என்று நான் பின்னால் சொல்லவே முடியாதபடி, என் வங்கிக் கணக்கே அவருக்குச் சாட்சியாகியிருந்தது.

மோட்டார் சுவிட்சை அணைப்பது, கரன்ட்டைப் பிடுங்குவது இதெல்லாம் கூடவே கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தினால் வாடகை அதிகாரி உடனடி இடைக்கால உத்தரவு போட முடியும். நினைத்தபோது வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதும் கூடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பகல் நேரத்தில் போங்கள்.

ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் வைத்திருப்பவர்கள் யூனிட்டுக்கு எட்டு ரூபாயைப் பத்தாக்குவது, "தண்ணி வரி" என்று திடீரென மாதம் இருநூறு சேர்ப்பது இவையும் வேறு பெயரில் ஏற்றம்தான். ஒப்பந்தத்தில் இல்லாததைக் கேட்காதீர்கள்.

8. பேச்சு ஒத்துவராவிட்டால்

இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். எந்தத் தேதியிலிருந்து புது வாடகை என்பதையும் அவரே சொல்லலாம். அவர் உத்தரவு பிடிக்காவிட்டால் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் தீர்ப்பாயம். ஒப்பந்தம், பதிவு எண், நோட்டீஸ் பிரதி, ஒப்புகை, ரசீதுகள் இல்லாமல் அந்தப் படி ஏறாதீர்கள்.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஏப்ரலில் அம்மாவையே அழைத்துக்கொண்டு போனேன். அம்மா அவர் மனைவியோடு கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்காய் பறித்துக்கொண்டே அரை மணி பேசினார். 8,500க்கு முடிந்தது. எனக்குத்தான் நான்கு மாதம்.

9. ஏறியபிறகு

கையெழுத்தான ஒப்பந்தத்தின் அசல் ஒன்றைப் பதினைந்து நாளுக்குள் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாடகை ஏறிவிட்டது என்று அட்வான்ஸையும் கூட்டிக் கேட்காதீர்கள்; வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸுக்கு எல்லை.

ரசீதை மாதா மாதம் கொடுங்கள். 7,500 ரூபாய் வாடகை வருடத்துக்கு 90,000. 8,500 என்றால் 1,02,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால், பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்கும் சம்பளக்காரர் உங்கள் பான் எண்ணைத் தர வேண்டியிருக்கும். கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வாடகை வரவை உரிமையாளரின் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள், அதில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. வீடு அம்மா பெயரில் இருப்பதால் பான் எண்ணும் ரசீதும் அம்மாவுடையதுதான், பணம் போகும் கணக்கும் இப்போது அம்மாவுடையதுதான். முன்பு என் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. மாற்றும்போது, "இப்பவாவது தோணிச்சே" என்று மட்டும் சொன்னார்.

புது ஒப்பந்தம், பதிவு எண் அச்செடுத்த தாள் இரண்டையும் ஒன்றாக ஸ்டேப்ளர் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.